மலை ஊரில் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்

தம்பி,

நான் சொல்லச் சொல்ல இதைக் கீழ்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். எனக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து என்பது உனக்குத் தெரிந்ததுதான். நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் காதில் வைப்பேன். உன் குரல் கேட்டதும் "துன்னியா, அங்க மழையா" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுவேன். அதனால்தான் எழுத்து. டீச்சரம்மா நாலு வரி எழுதிவிட்டு, "பெரியவரே, இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். பொய்யை ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் நடுவில் சொன்னவன், உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புவது என்ன நியாயம்?

போன வாரம் நீ கல்யாணச் செய்தி சொன்னபோது உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கத்தில் தரையில் வைத்திருந்தேன். நீ இருக்கும் மலை ஊர்ப் பெண் ரோசாவைத்தான் கட்டப்போகிறாய், அங்கேயே, அவர்கள் வீட்டு முற்றத்திலேயே என்றதும், உரித்த பூண்டையும் தோலையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு நீ சொன்னாய்: "நைனா, நீ மட்டும் வா. அம்மா வாணாம். மறுபடி அந்த உயரத்துல அதுக்கு எதுனா ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. சொன்னா கேக்காது அது. தெரியுமில்ல உனக்கு?" எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ போனை வைத்த பிறகு, "அவன் சொல்றதும் சரிதான். நீ போய்ட்டு வா. நெறைய போட்டோ புடிச்சினு வா" என்று சொல்லி, பூண்டை ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். பெற்ற ஒரே பிள்ளையின் கல்யாணத்தைப் போட்டோவில் பார்க்கப்போகிறவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்ன பேச்சைக் கேட்காதவள் உன் அம்மா இல்லை, தம்பி. நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன வருஷம் எங்கள் இருவரையும் பெரு நாட்டுக்கு அழைத்தாய். நீ வேலை பார்க்கும் ஊரின் பெயர் இன்னும் என் நாக்கில் நிற்கவில்லை. ஆனால் ஊர் நிற்கிறது. எத்தனை விமானம் மாறினோமோ, கடைசியில் ஒரு சின்ன விமானம் மலைகளுக்கு நடுவில் நுழைந்து, இரண்டு பக்கமும் பாறை தெரிய இறங்கியது. உன் அம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ எங்களை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டு, "இன்னிக்கு ஃபுல்லா ரூம்லயே இருங்க. நடக்கவே கூடாது. இங்க காத்து கம்மி. உடம்புக்குப் பழக ரெண்டு நாள் ஆவும். நான் ஆபீசுக்குப் போய் மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாய். உன் அம்மா தலையாட்டினாள். நானும்தான் ஆட்டினேன்.

நீ படியிறங்கியதும் அவள் கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். விடுதிக்காரப் பெண் வந்து ஏதோ கேட்க, உன் அம்மா தமிழிலேயே வெந்நீர் கேட்க, அந்தப் பெண் "சீ, சீ" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவர்கள் பாஷையில் அதற்கு ஆமாம் என்று அர்த்தமாம். "இன்னாய்யா இந்தப் பொண்ணு, எது கேட்டாலும் சீங்குது. ஆனா வெந்நீரு மட்டும் கரெக்டா வருது" என்றாள். நல்ல மனநிலையில்தான் இருந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வழியே ஓடு வேய்ந்த வீடுகள் மலைச்சரிவில் படியாய் இறங்குவது தெரிந்தது. எங்கேயோ பெரிய மணி அடித்தது. கோவளத்தில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவன் நான். இது அதைப்போல நாலு மடங்கு கனமாக ஒலித்தது. "வா, ஒரு நடை அந்தக் கோயிலப் பாத்துட்டு வந்துரலாம்" என்றேன்.

"அவன் ரூம்லயே இருக்கச் சொன்னானேய்யா."

"இங்க இருந்து அங்க. கிட்டத்தான் கீது. அவன் வர்றதுக்குள்ள வந்துரலாம்."

"காத்து கம்மின்னானே."

"கடல்ல முங்கி வலை சிக்கெடுத்தவன்டீ நான். கோவளத்துக்காரனுக்கா காத்து பத்தாது? காத்து எல்லா ஊர்லயும் கீது. எழுந்திரு."

எழுந்தாள். தலை லேசாகக் கனக்கிறது என்றாள். வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று சொன்னவனும் நான்தான். நீ வாங்கிக் கொடுத்திருந்த கம்பளிக் காலுறையையும் கேன்வாஸ் ஷூவையும் போட்டாள். நாடா கட்டத் தெரியாமல் முழித்தபோது அந்த விடுதிக்காரப் பெண்தான் குனிந்து கட்டிவிட்டாள்.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாங்கள் எப்படி நடப்போம் என்று நீ கவனித்திருக்கிறாயா? நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். ஆண் தோளில் வலையோடு கரையில் முன்னே போவான், பெண் தலையில் கூடையோடு பின்னே வருவாள். கல்யாணமான மறுநாள் கூடையும் இல்லை, வலையும் இல்லை. அப்போதும் அப்படியே நடந்தோம். பக்கத்தில் நடந்தால் "பார்ரா, பொண்டாட்டி கைய புடிச்சினு போறான்" என்று கரையே கூவும். திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது இன்னும் கேவலம். நான் திரும்பிப் பார்த்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. அவளுடைய ரப்பர் செருப்பு குதிகாலில் அடிக்கும் சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். அது கேட்டால் அவள் வருகிறாள். தாம்பரம் மார்க்கெட்டில் அவள் மீன் விற்கும் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். என் பின்னால் நடக்கும்போது மட்டும் பேசமாட்டாள். செருப்புத்தான் பேசும்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை உனக்குக் காய்ச்சல். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் கிளம்பும் நேரம். நான் முன்னால் ஓடி ஏறிவிட்டேன். கூட்டத்தின் இரைச்சலில் செருப்புச் சத்தம் எங்கே கேட்கும்? பின்னால் ஏறியிருப்பாள் என்று நினைத்துவிட்டேன். குரோம்பேட்டை தாண்டி, "புள்ளைய இப்டி குடு" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினேன். ஒரு போலீஸ்காரர், "எந்தப் புள்ளைய?" என்று கேட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். அவள் அதே பிளாட்பாரத்தில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "போலீசாண்ட புள்ள கேட்டியாமே, குடுத்தாரா?" என்று பல வருஷம் அதை வைத்துக் கிண்டல் செய்தாள். நீயும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாய். குடும்பத்தில் சில தப்புகளை நாம் இப்படிச் சிரிப்புக் கதையாக்கி வைத்துவிடுகிறோம், தம்பி. அதன் பிறகு அதைத் திருத்த வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. நீ உன் வீட்டில் எதற்காவது அடிக்கடி சிரித்தால், அந்தச் சிரிப்பில் ரோசாவும் கலந்துகொள்கிறாளா என்று ஒருதரம் பார்.

அன்றைக்கு அந்த மலை ஊரிலும் அப்படியே கிளம்பினோம். கல் பதித்த குறுகலான தெரு. நடுவில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். இரண்டு பக்கமும், ஒரு கத்தி முனைகூட நுழையாதபடி பெரிய பெரிய பாறைகளைப் பொருத்திக் கட்டிய சுவர். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, நீலம் பூசிய மரக்கதவுகள். ஒரு கதவில் இரும்பால் செய்த கை ஒன்று தொங்கியது. அதைத் தட்டித்தான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள்போல. எழுத்து தெரியாதவன் தெருவை இப்படித்தான் ஞாபகம் வைக்க வேண்டும். இரும்புக் கை, அப்புறம் ரொட்டி வாசனை வரும் வாசல், அப்புறம் முக்கு திரும்பியதும் கழுத்து நீண்ட, கம்பளி மூட்டை போன்ற இரண்டு விலங்குகளைக் கயிற்றில் பிடித்து நிற்கும் ஒரு பெண். தெரு மேலே மேலே ஏறியது. எனக்கும் மூச்சு வாங்கியது, ஒப்புக்கொள்கிறேன். வாங்கிய மூச்சை மறைக்க இன்னும் வேகமாக நடந்தேன். கடல்காரன் என்று பீற்றிவிட்டுக் கிளம்பியவன் அல்லவா.

பின்னால் காலடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு இல்லை, சத்தமே போடாத கேன்வாஸ் ஷூ என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் பேசிக்கொண்டே போனேன். வழக்கமில்லாத வழக்கமாக அன்றைக்குப் பேச்சு வந்தது. "பாத்தியாடி, ரோட்டுலயே வாய்க்கா வுட்டுகீறானுங்க." "இந்தச் சொவரு பாரு, சிமெண்டே இல்ல." "நம்ம புள்ள எந்த மாதிரி ஊருக்கு நம்மள இட்டாந்துகீறான் பாரு." தெரு முடிந்து திடீரென்று வானம் திறந்ததுபோல ஒரு சதுக்கம் வந்தது. எதிரே மணி கேட்ட கோயில். இரண்டு கோபுரம், பழுப்புக் கல், அதன் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் பனி. என் ஆயுளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "கன்னியம்மா, நம்ம ரெண்டு பேரும் பொறந்ததுக்கு இது போதும்டி" என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை. அதை அவள் முகத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் திரும்பினேன்.

பின்னால் நின்றது வேறொரு பெண். தலையில் உயரமான தொப்பி, முதுகில் வண்ணத்துணியில் கட்டிய குழந்தை. இவ்வளவு நேரம் தன்னிடம்தான் பேசிக்கொண்டு வருகிறான் இந்தக் கிழவன் என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதையாகச் சிரித்தாள்.

ஓடினேன். அந்த ஊரில் ஓடக்கூடாது. ஓடினேன். விலங்குகளோடு நின்ற பெண்ணைக் காணோம். முக்கு தவறி வேறு தெருவில் நுழைந்து, கதவு கதவாக இரும்புக் கையைத் தேடி, ரொட்டி வாசனையைப் பிடித்துத் திரும்பி வந்தேன். அந்த ரொட்டிக்கடை வாசற்படியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லக்கூடாது. ரொட்டி விற்கும் ஒரு பெரியம்மாவின் மடியில் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம். அந்தம்மா தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, ஏதோ இலை போட்ட வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உன் அம்மா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எங்கய்யா பூட்ட? வழி தெரியாம தொலைஞ்சி பூட்டியோன்னு..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கொஞ்சம் கழித்து, "கூப்ட்டேன். கொரலு வரல" என்றாள். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல், தம்பி. பத்தடி முன்னால் போன என்னை எட்டவில்லை.

மீதி உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ரொட்டிக்கடைக்காரர்கள் விடுதிக்குச் சொல்லியனுப்ப, விடுதிக்காரப் பெண் உனக்குப் போன் செய்ய, நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். ரோசாவும் வந்தாள், கையில் சூப்போடு. அன்றைக்குத்தான் அவளை முதலில் பார்த்தோம். உன் அம்மாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். வியர்த்த முகத்தோடு நீ கேட்டாய்: "யாரு வெளிய போலாம்னது? நான் அவ்ளோ சொல்லிட்டுப் போனேனே, யாரு?" டாக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தாள், தமிழ் தெரியாத ரோசாகூட என்னைத்தான் பார்த்தாள். நான் சொன்னேன்: "உங்கம்மாதான். கோயிலப் பாத்தே ஆவணும்னு நின்னா."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தயாரித்துச் சொன்னதில்லை. தானாக வாயில் இருந்தது. நீ அவள் பக்கம் திரும்பி, "உனக்கு எப்பவுமே உன் இஷ்டம்தாம்மா. யார் சொல்லி என்னிக்குக் கேட்டுகீற?" என்று கத்தினாய். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அலை பெரிதா சின்னதா என்று கரையில் நின்று பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பார்த்துவிட்டு, உன்னிடம் தலையை ஆட்டினாள். ஆமாம், நான்தான் என்று.

அன்று சாயங்காலம் நீ மருந்து வாங்கப் போனபோது, ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். "மூக்குல கொழாய சொருவி வெச்சிகீறாங்க, எங்கேர்ந்து பேசறது?" என்றாள் முதலில். பிறகு சொன்னாள்: "அவன் என்னைத் திட்னா நாலு நாள்ல மறந்துடுவான்யா. உன்னைத் திட்னா நீ சாவற வரைக்கும் மறக்க மாட்ட." நான் அப்போது நிம்மதியாக மூச்சு விட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கப்படவில்லை, நிம்மதிதான் பட்டேன். வெட்கம் இங்கே சிட்லபாக்கம் வீட்டில், உன் போன் வந்த பிறகுதான் வந்தது. ஏனென்றால் அவள் கணக்கு தப்பிவிட்டது. நீ மறக்கவில்லை.

மூன்றாம் நாள் நீ அவளைக் கைத்தாங்கலாக அதே தெருவில் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆமை நடை. நின்று நின்று. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் வாசல்வரை போனாள், படியேறினாள். திரும்பும்போது ரொட்டிக்காரப் பெரியம்மாவிடம் தமிழில் பேரம் பேசி, அவர் தன் பாஷையில் பேரம் பேசி, கடைசியில் இரண்டு பேரும் சிரித்து, இவள் தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவர் கையில் போட்டுவிட்டு வந்தாள். உடம்பு பழகிவிட்டது, மெதுவாக நடந்தால் பயமில்லை என்று அந்த ஊர் டாக்டரே சொன்னதாக நீதான் எங்களுக்குச் சொன்னாய். அப்புறமும் நீ அவளை வேண்டாம் என்பது அவள் நெஞ்சுக்குப் பயந்து இல்லை. அவள் அடங்கமாட்டாள் என்று நினைத்து. அந்த நினைப்பு நான் போட்டது. அதை நான்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா டீச்சரம்மாவுக்கு மோர் கொண்டுவந்தாள். "இன்னா டீச்சர், காலைலேர்ந்து எழுதினுகீறீங்க? இந்தாளுக்கு அவ்ளோ சமாச்சாரமா கீது?" என்றாள். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரில நான் சொன்னது பொய்யின்னு அவனுக்கு எழுதறேன்" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுது" என்றாள். உள்ளே போய், திரும்பவும் வாசலுக்கு வந்து, "டீச்சர், நெத்திலிக் கருவாடு பிளேன்ல வுடுவாங்களா? ரொட்டிக்கார அம்மாவுக்குக் கொஞ்சம் எட்த்துனு போவணும்" என்றாள். உன் பதிலுக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை, தம்பி. என்னைக் காப்பாற்று.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சத்தம் கேட்கிறது என்பதற்காக ஆள் வருகிறாள் என்று நினைக்காதே. திரும்பிப் பார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உன் தப்பை அவள் ஒருநாள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால், அது பாசம் என்று மயங்கி அப்படியே விட்டுவிடாதே. அன்றைக்கே இறக்கி வை. ஒரு வருஷம் கழித்து இறக்கினால் எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ போன் செய்த மறுநாளிலிருந்து, காலையில் அவளை ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். மெதுவாக நடந்து பழகட்டும் என்று. ஷூ போட்ட ரிட்டயர்டு ஆட்கள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள். பக்கத்தில் வா என்றேன். முடியவில்லை அவளால். நான் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைக்கிறாள். நான் நின்றால் அவளும் பின்னாலேயே நிற்கிறாள். "இன்னாய்யா புதுசா, வெக்கமா கீது" என்கிறாள். இன்று காலையில் வேறு வழியில்லாமல், "நீ முன்னால போ, நான் வரேன்" என்று சொல்லி ஓரமாக நின்றுவிட்டேன். முறைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பார்த்தேன். இடது காலை லேசாக இழுத்து நடக்கிறாள். கூடை சுமந்த கழுத்து இன்னும் கூடை இருப்பதுபோலவே நேராக நிற்கிறது. ஒரு கை மட்டும் வீசுகிறது, இன்னொரு கை இல்லாத கூடையைப் பிடிக்க மேலே போகப் பார்த்துத் திரும்பி வருகிறது. அந்தக் கால் எப்போதிலிருந்து இழுக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்று, திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாள்.

டிக்கெட்டை அவள் பேரில் எடு, தம்பி. எனக்கும் எடுப்பதாக இருந்தால் எடு. நான் அவளுக்குப் பின்னால் வருகிறேன்.

உன் நைனா